ஆறு கடை, ஒரு குடோன்: கிடங்கு மேலாண்மை மென்பொருள் வைத்த ஒரு மளிகை வியாபாரத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்மாவட்ட நகரம் ஒன்றில் அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து நடத்தும் மளிகை வியாபாரம் இது. அப்பா காலத்தில் ஒரே கடை. இப்போது நகருக்குள் நான்கு, பக்கத்து ஊர்களில் இரண்டு என ஆறு டிபார்ட்மென்டல் ஸ்டோர்கள். ஆறுக்கும் சரக்கு போவது புறவழிச்சாலை ஓரத்தில் இருக்கும் ஒரே குடோனிலிருந்து. தகரக் கூரை போட்ட, சுமார் 9,000 சதுர அடிக் கட்டடம். ஒரு பக்கம் அரிசி, பருப்பு, சர்க்கரை மூட்டைகள். நடுவில் கம்பெனிச் சரக்கு அடுக்கும் இரும்பு ரேக்குகள். பின்பக்கம் பருப்பையும் மசாலாச் சாமானையும் சலித்து, அரைக்கிலோ, ஒரு கிலோ பாக்கெட் போடும் இடம்.

பெயர்களை வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன். நான் அவர்களுடைய ஜிஎஸ்டி கணக்கைப் பார்ப்பவன். சரக்கு இருப்பு தவறினால் அது கடைசியில் வந்து நிற்பது என் மேஜையில்தான். அதனால் இந்த வேலையில் முதலிலிருந்தே கூட இருந்தேன்.

குடோன் பொறுப்பாளர் 26 வருடமாக அங்கே இருப்பவர். வேலையாட்களுக்கு அவர் அண்ணாச்சி. முதலாளிகள் இருவரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தச் சரக்கு எந்த மூலையில் இருக்கிறது, எந்தப் பெட்டி முன்னால் வந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கடைகள் காலையில் வாட்ஸ்ஆப்பில் தேவைச் சீட்டு அனுப்பும். அவர் அதைப் பார்த்து ஆட்களிடம் சொல்வார், அவர்கள் எடுத்து வண்டியில் ஏற்றுவார்கள், அவர் நீள நோட்டில் எழுதிக்கொள்வார். சாயங்காலம் அலுவலகத்தில் ஒரு பெண் அந்த நோட்டைப் பார்த்துக் கணினியில் ஏற்றுவார்.

கடைகளில் பில் போட மென்பொருள் பல வருடமாக உண்டு. கணக்கும் கணினியில்தான். நடுவில் குடோன் மட்டும் விட்டுப்போயிருந்தது. குடோனில் ஒரு சரக்கு 40 பெட்டி இருக்கிறது என்று கணினி சொல்லும். எங்கே இருக்கிறது, எந்த எம்ஆர்பி, எப்போது காலாவதி ஆகிறது என்று சொல்லாது. அதற்கு அண்ணாச்சி வேண்டும்.

2024 தீபாவளி

அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 31. அதற்குச் சரியாக இரண்டு வாரம் இருக்கும்போது அண்ணாச்சிக்கு டெங்கு காய்ச்சல். நான்கு நாள் ஆஸ்பத்திரி, அப்புறம் வீட்டில் படுக்கை. வருடத்திலேயே அதிகச் சரக்கு உள்ளே வந்து வெளியே போகும் நாட்கள் அவை.

குடோன் ஆட்கள் அவருக்குப் போன் செய்து கேட்டுக்கேட்டு வேலை பார்த்தார்கள். "அண்ணாச்சி, வனஸ்பதி எங்க இருக்கு?" "மூணாவது ரேக்குக்குப் பின்னால, தூண் ஓரம், சேமியா பெட்டிக்குக் கீழ." காய்ச்சலோடு படுத்திருந்தவரால் எத்தனை தடவை பதில் சொல்ல முடியும்? அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு வந்திறங்கிய சரக்கு எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. இடம் கண்ட இடத்தில் இறக்கியிருந்தார்கள்.

கடைகளில் குலாப் ஜாமூன் மிக்ஸ் தீர்ந்தது. குடோனில் இருக்கிறது என்று கணினி சொன்னது, ஆட்கள் தேடிவிட்டு இல்லை என்றார்கள். தம்பி முதலாளி உள்ளூர் மொத்தக் கடையில் கூடுதல் விலைக்கு வாங்கி ஆறு கடைக்கும் அனுப்பினார். நெய், முந்திரி, ஒரு பிராண்டு கடலை மாவு ஆகியவையும் இப்படியே.

நவம்பர் இரண்டாம் வாரம் அண்ணாச்சி வேலைக்குத் திரும்பினார். அன்றைக்கு நானும் குடோனில் இருந்தேன். அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு நேராக ஐந்தாவது ரேக்குக்குப் பின்னால் போனார். சோப்புத் தூள் பெட்டிகளை நகர்த்தச் சொன்னார். பின்னால் தேடப்பட்ட ஜாமூன் மிக்ஸ் 34 பெட்டி. ஒரு பெட்டியைப் பிரித்து, பாக்கெட்டைத் திருப்பி, தேதியை டார்ச் வெளிச்சத்தில் படித்தார். அக்டோபர் 2024. அப்படி 11 பெட்டி காலாவதி ஆகியிருந்தது. மீதி 23 பெட்டிக்கு ஜனவரி வரை நாள் இருந்தது, ஆனால் தீபாவளி முடிந்த பிறகு ஜாமூன் மிக்ஸை யார் வாங்குகிறார்கள்? யாரும் எதுவும் பேசவில்லை. அவர் பாக்கெட்டைத் திரும்பப் பெட்டியிலேயே வைத்து மூடினார்.

இதில் வியாபாரிகள் பலர் கவனிக்காத ஒரு செலவு உண்டு. கெட்டுப்போய்க் கழித்துவிட்ட சரக்குக்கு, வாங்கும்போது கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக, அதாவது விற்பனைக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்துக்கொள்ள முடியாது. சிஜிஎஸ்டி (மத்திய ஜிஎஸ்டி) சட்டத்தின் 17(5) பிரிவு, (எச்) உட்பிரிவு அதைத் தடுக்கிறது. ஏற்கெனவே எடுத்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். ஆக, சரக்கின் விலையும் போச்சு, வரியும் போச்சு. அந்த மாதக் கணக்கை முடித்தபோது இதை அண்ணன் முதலாளியிடம் தனியாக எழுதிக் காட்டினேன். அதன் பிறகுதான் அவர் இதைப் பற்றிப் பேச உட்கார்ந்தார்.

எண்ணிப் பார்த்தபோது தெரிந்தது

மென்பொருள் வாங்கலாமா என்ற பேச்சுக்கு முன்னால், இருக்கும் கணக்கு எவ்வளவு சரி என்று பார்க்க வேண்டும் என்றேன். 2025 பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடோனில் இருந்த சுமார் 4,200 வகைச் சரக்கில் 300 வகையை மட்டும் தேர்ந்து எண்ணினோம். கணினியில் இருந்த எண்ணும் கையில் எண்ணியதும் 168 வகைக்கு ஒத்துப்போயின. 132 வகைக்கு இல்லை.

அண்ணன் முதலாளியின் முதல் சந்தேகம் திருட்டு. ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், பாதிப் பேர் ஒடிசா, பிகாரிலிருந்து வந்தவர்கள், யாரைக் கேட்பது என்றார். இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். 132 வகையையும் பழைய பில், நோட்டு, கடைச் சீட்டு எல்லாவற்றோடும் ஒப்பிட எனக்கும் அலுவலகப் பெண்ணுக்கும் இரண்டு வாரம் பிடித்தது.

கிட்டத்தட்ட பாதித் தவறு அலகில். கம்பெனி பில்லில் பெட்டிக் கணக்கு, நோட்டில் அவுட்டர் (பெட்டிக்குள் இருக்கும் சின்னக் கட்டு) கணக்கு, கடைச் சீட்டில் பீஸ் கணக்கு. ஒரே பிஸ்கெட்டுக்குப் பெட்டிக்கு 60 பாக்கெட் என்று ஒரு மாதம், 72 என்று இன்னொரு மாதம் வந்திருக்கிறது, கணினியில் 60தான். அடுத்தது, ஒரே சரக்கு இரண்டு மூன்று பெயரில் இருந்தது. "உளுந்து", "உளுந்தம்பருப்பு", "உ.பருப்பு" என்று மூன்று வரி, வரவு ஒன்றில், பற்று இன்னொன்றில். கடைகளிலிருந்து திரும்பி வந்த சரக்கு பல தடவை நோட்டிலேயே ஏறவில்லை. பருப்பு மூட்டையைச் சலித்துப் பாக்கெட் போடும்போது குறையும் எடையை யாரும் கழிக்கவே இல்லை. திருட்டு என்று உறுதியாகச் சொல்லும்படி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதை அந்த ஆட்கள் இருந்த கூட்டத்திலேயே அண்ணன் முதலாளி சொன்னார். சொல்லியிருக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை, இருந்தும் சொன்னார்.

என்ன முடிவு, ஏன்

மூன்று வழி இருந்தது. இன்னும் இரண்டு ஆளைப் போட்டு நோட்டையே ஒழுங்காக எழுதுவது. கடையில் பில் போடும் மென்பொருளிலேயே குடோன் பகுதியைக் கூடுதலாக வாங்குவது. கிடங்குக்கு என்றே உள்ள தனி மென்பொருள் வைப்பது.

முதல் வழியை அண்ணன் முதலாளி விரும்பினார். "அண்ணன் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?" என்றார். அண்ணாச்சி இல்லாத அந்த நாட்களில் நடந்ததுதான் அதற்குப் பதில். இரண்டாவது வழியில் எண்ணிக்கை மட்டும்தான் வரும். இடம் வராது, காலாவதி தேதி வராது. எங்களுக்கு வேண்டியது அந்த இரண்டும்.

மூன்றாவதைத் தேர்ந்தபோது விற்பவர்கள் காட்டிய வண்ண வண்ண வரைபடங்களைத் தள்ளிவைத்துவிட்டு நான்கு கேள்வி மட்டும் கேட்டோம். ஒரே சரக்கை எம்ஆர்பி வாரியாகவும் காலாவதி வாரியாகவும் பிரித்து வைக்குமா? கையில் பிடிக்கும் ஸ்கேனர் இணையம் அறுந்தாலும் வேலை செய்யுமா? திரை தமிழிலும் இந்தியிலும் வருமா? நாளைக்கு வேண்டாம் என்றால் எங்கள் இருப்பு விவரத்தை முழுதாக வெளியே எடுத்துக்கொள்ளலாமா? பார்த்த ஐந்தில் இரண்டு தேறின. மாதச் சந்தாவில் கிடைத்ததை எடுத்தார்கள். ஸ்கேனர், லேபிள் அச்சிடும் இயந்திரம், சந்தா எல்லாம் சேர்த்து முதல் வருடச் செலவு குடோனில் ஒரு ஆளுக்குக் கொடுக்கும் வருடச் சம்பளத்தைவிடக் கொஞ்சம் கூடுதல்.

முதல் கேள்வி ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பாக்கெட்டில் கம்பெனி அச்சிடும் 13 இலக்க பார்கோடு, இந்தியாவில் பதிவானதென்றால் 890 என்று தொடங்கும், சரக்கு எது என்பதை மட்டும்தான் சொல்லும். விலை மாறினாலும் பெரும்பாலும் அதே பார்கோடுதான் வரும். தயாரித்த தேதி அதில் கிடையாது. எனவே கம்பெனி பார்கோடை மட்டும் ஸ்கேன் செய்தால் 10 ரூபாய் சோப்பும் 12 ரூபாய் சோப்பும் ஒன்றாகிவிடும், மார்ச்சில் கெடுவதும் ஆகஸ்டில் கெடுவதும் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் நாமே லேபிள் ஒட்டுவது இந்த அளவு வியாபாரத்துக்குக் கட்டுப்படியாகாது. அதனால் பெட்டி அளவில் ஒரு லேபிள் என்று முடிவாயிற்று. சரக்கின் பெயர், எம்ஆர்பி, காலாவதி மாதம், வந்த தேதி, எங்கள் பார்கோடு ஆகியவை அதில் இருக்கும். லேபிள் ஒட்டாத பெட்டி ரேக்குக்குப் போகக் கூடாது. குடோன் வாசலை அடுத்துத் தரையில் மஞ்சள் கோடு போட்டு வரவுத் தளம் என்று பிரித்தோம். லேபிள் ஒட்டும்வரை எதுவும் அந்தக் கோட்டைத் தாண்டாது.

அண்ணாச்சியும் ரேக் எண்களும்

அண்ணாச்சி இந்தப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து மௌனமாக இருந்தார். ஒருநாள் என்னிடம் மட்டும் கேட்டார்: "சார், இது என்னை அனுப்புறதுக்குத்தானே?" நான் இல்லை என்றேன். ஆனால் நான் சொல்லி அவர் நம்ப வேண்டியதில்லை. இதைத் தம்பி முதலாளியிடம் சொன்னேன். மறுநாள் அவர் குடோனுக்கு வந்து, ரேக்குகளுக்கு எண் போடும் வேலையை அண்ணாச்சியிடமே கொடுத்தார். "நீங்க சொல்ற மாதிரிதான் நம்பர் போடணும் அண்ணே. எது எங்க இருக்கணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

இந்த மொத்த வேலையிலும் மிகச் சரியாக எடுத்த முடிவு இதுதான் என்பது என் கருத்து. மென்பொருள் நிறுவனத்தின் ஆள் வேகமாகப் போகும் சரக்கு வாசல் பக்கம், மெதுவாகப் போவது உள்ளே என்று ஒரு வரைபடம் கொண்டுவந்தார். அதில் தேயிலைக்கு அடுத்த ரேக்கில் குளியல் சோப்பு. அண்ணாச்சி அதைப் பார்த்ததும் விரலை வைத்தார். தேயிலையும் மைதாவும் பிஸ்கெட்டும் பக்கத்தில் இருக்கும் வாசனையை இழுத்துக்கொள்ளும். சோப்பு, ஊதுபத்தி, கொசுவத்தி மூன்றும் எதிர் வரிசைக்குப் போகணும் என்றார். வடகிழக்கு மூலையில் ஐப்பசி அடைமழையில் ஓதம் ஏறும், அங்கே சர்க்கரை மூட்டையும் உப்பும் வைக்கவே கூடாது, பிளாஸ்டிக் சாமானும் துடைப்பமும் வைக்கலாம் என்றார். மூட்டைகளுக்கு அடியில் மரச்சட்டம் இல்லாத இடங்களைக் காட்டினார். வரைபடத்தில் பாதி மாறியது.

எண்கள் எழுத்தில்லாமல் இலக்கத்தில் மட்டும்: 3-07-2 என்றால் மூன்றாவது வரிசை, ஏழாவது ரேக், இரண்டாவது தட்டு. தமிழ் படிக்காதவரும் ஒரு நாளில் பழகிக்கொண்டார்கள். இதற்கு முன்னால் அவர்களுக்கு "தூண் ஓரம்", "கண்ணாடிப் பெட்டிக்கு எதிரே" என்று யாராவது கூடப் போய்க் காட்ட வேண்டியிருந்தது.

சரக்குப் பட்டியலைச் சுத்தம் செய்ய ஏழு வாரம் ஆனது. இரட்டைப் பெயர்களை ஒன்றாக்கி, ஒவ்வொன்றுக்கும் பெட்டியில் எத்தனை அவுட்டர், அவுட்டரில் எத்தனை பீஸ் என்று ஏற்ற வேண்டும். இரண்டு பெண்கள் இதை மட்டும் செய்தார்கள். பெட்டியைப் பிரித்து எண்ணி ஏற்ற வேண்டும் என்பதே ஏற்பாடு. கடைசி இரண்டு வாரத்தில் அவசரம் வந்து, மீதியைப் பழைய பட்டியலிலிருந்து அப்படியே எடுத்துவிட்டோம். அந்த அவசரத்துக்கு நானும் ஒப்புக்கொண்டேன்.

முதல் மூன்று வாரம்

விற்பனை மந்தமாக இருக்கும் ஆனி மாதத்தைத் தேர்ந்தார்கள். 2025 ஜூன் 14, 15 சனி, ஞாயிறு குடோனை மூடி முழுதாக எண்ணினோம். 16ஆம் தேதி திங்கட்கிழமை தொடங்கியது. நோட்டும் கூடவே எழுதப்பட வேண்டும் என்று வைத்திருந்தோம்.

இரண்டாம் நாள் காலையிலேயே தவறு வந்தது. சின்னக் கிளைக் கடை ஒன்று ஷாம்பு சாஷே 10 என்று சீட்டு போட்டிருந்தது. அவர்கள் நினைத்தது 10 சரம். பழைய பட்டியலிலிருந்து அவசரமாக எடுத்த வரிகளில் அதுவும் ஒன்று. அடிப்படை அலகு பெட்டி என்று இருந்தது. ஸ்கேனர் 10 பெட்டி எடுக்கச் சொன்னது, புதிதாக வந்த பையன் ஸ்கேனர் சொன்னதைச் செய்தான். ஒரு வருடத்துக்கான ஷாம்பு வண்டியில் அந்தக் கடை வாசலில் போய் இறங்கியது. மேலாளர் போன் செய்து, "அண்ணாச்சி, இங்க நிக்க இடமில்லை" என்றார். பையனைத் திட்டக் கூடாது என்று தம்பி முதலாளி உறுதியாகச் சொல்லிவிட்டார். அன்றிரவே அலகு சரிபார்க்காத 600 வரிகளையும் தனியாகப் பிரித்து, பெட்டியைப் பார்த்து எண்ணும்வரை அவற்றைக் கையால்தான் எடுக்க வேண்டும் என்று பூட்டினோம்.

லாரி இறக்குவது முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. சுமை தூக்குபவர்களுக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. நிற்கும் நேரத்துக்கு யார் கொடுப்பது என்று கேட்டார்கள், நியாயமான கேள்வி. முதலில் ஒவ்வொரு பெட்டியையும் ஸ்கேன் செய்துகொண்டிருந்தோம். அதை மாற்றி, ஒரு சரக்கின் ஒரு பெட்டியைப் பிரித்து எம்ஆர்பி, காலாவதி, உள்ளே இருக்கும் பீஸ் மூன்றையும் பார்த்து ஏற்றுவது, மீதிப் பெட்டிகளை எண்ணுவது மட்டும் என்று வைத்தோம். பெட்டிகள் மஞ்சள் கோட்டுக்குள் இறங்கிவிட்டால் லாரி போகலாம், லேபிளும் ரேக்கில் ஏற்றுவதும் அப்புறம். அந்த மாற்றத்தோடு நேரம் ஓரளவு பழைய நிலைக்கு வந்தது.

அரிசி மூட்டை அடுக்குகளுக்கு நடுவே வை-ஃபை போகவே இல்லை. ஸ்கேனர் தன்னிடமே பதிந்து வைத்துக்கொண்டு, சிக்னல் வந்ததும் அனுப்பியது. இரண்டாவதாகக் கேட்டிருந்தாலும் நான் முதலாவதாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். குடோன் மென்பொருளும் கடை பில் மென்பொருளும் இரவில் ஒரு தடவைதான் பேசிக்கொண்டன. பகலில் கடைகள் பார்த்தது நேற்றைய இருப்பு. அதை மணிக்கு ஒரு தடவையாக மாற்றித் தர விற்பனையாளர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் வாரக் கடைசியில் நோட்டை நிறுத்தலாம் என்று நான் சொன்னேன். அண்ணாச்சி மறுத்தார். இன்னும் ஒரு மாதம் எழுதுகிறேன் என்றார். எழுதினார். அந்த ஒரு மாதத்தில் நோட்டை வைத்து ஒன்பது தவறு பிடிபட்டது, பெரும்பாலும் கடையிலிருந்து திரும்பிய சரக்கை யாரும் ஸ்கேன் செய்யாமல் ரேக்கில் வைத்தவை.

செப்டம்பர் 22

2025 செப்டம்பர் 3ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் விகிதங்களை மாற்றியது. நடைமுறைக்கு வந்தது 22ஆம் தேதி. குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய், பிஸ்கெட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5க்கு வந்தன. நெய், வெண்ணெய் 12லிருந்து 5. சலவைத் தூள் 18லேயே நின்றது. மளிகைக் கடையைப் பொறுத்தவரை ரேக்கில் இருக்கும் சரக்கில் பெரும் பகுதிக்கு ஒரே நாளில் விலை மாறுகிறது என்று அர்த்தம்.

வரி என்பது விற்கும் நாளின் விகிதம். எனவே 21ஆம் தேதி வரை 18 சதவீதம் கட்டி வாங்கிய சோப்பை 22ஆம் தேதி 5 சதவீதத்தில் விற்க வேண்டும், விலையையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். கையிருப்பில் இருக்கும் பழைய எம்ஆர்பி சரக்குக்கான வித்தியாசத்தை ஈடுகட்ட, இவர்களுக்குச் சரக்கு தரும் விநியோகஸ்தர்கள் 21ஆம் தேதி இரவு நிலவரப்படி எம்ஆர்பி வாரியாக இருப்புப் பட்டியல் கேட்டார்கள். பட்டியல் கொடுத்தால் அந்த வித்தியாசத்துக்கு வரவுச் சீட்டு (கிரெடிட் நோட்). கொடுக்காவிட்டால் நஷ்டம் கடைக்காரருக்கு.

2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது இதே குடோனில் நான்கு இரவு உட்கார்ந்து கையால் எண்ணினோம். அண்ணன் முதலாளி, தம்பி, அண்ணாச்சி, நான், எல்லோரும். அந்தப் பட்டியல் பாதி சரி, பாதி ஊகம்.

இந்தத் தடவை 4ஆம் தேதியே விகிதம் மாறும் சரக்குகளைக் குறியிட்டு, அவற்றில் எது எவ்வளவு நாள் தாங்கும் என்று பார்த்தோம். ஒன்றரை மாதச் சரக்கு கையில் இருந்தவற்றுக்கு ஆர்டரை நிறுத்தினார்கள். காலாவதி நெருங்கும், பழைய எம்ஆர்பி உள்ள பெட்டிகள் முதலில் வெளியே போகும்படி ஸ்கேனரில் வரிசை மாறியது. 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்குக் கடைசி வண்டி போனபின், எம்ஆர்பி வாரியான பட்டியலை எடுக்க அரை மணி நேரம் போதுமாக இருந்தது. சந்தேகத்துக்கு அண்ணாச்சி 20 இடங்களைத் தேர்ந்து எண்ணிப் பார்த்தார். 19 சரி. ஒன்றில் இரண்டு அவுட்டர் குறைந்தது.

ஒரு விநியோகஸ்தர், இவ்வளவு பழைய சரக்கு உங்களிடம் இருக்க முடியாது என்று தகராறு செய்தார். ஒவ்வொரு பெட்டியும் எந்த பில்லில், எந்த தேதியில் உள்ளே வந்தது என்று அனுப்பியதும் ஒப்புக்கொண்டார். மென்பொருளுக்குக் கொடுத்த பணம் அன்றைக்கே திரும்பியது என்று தம்பி முதலாளி சொல்வார். அது முழுக்க உண்மையில்லை, ஆனால் பெரும் பகுதி வந்தது உண்மை.

அதே இரவு கடைகளில் நிலைமை வேறு. மென்பொருள் குடோனோடு நின்றுவிட்டது. ஒவ்வொரு கடையின் பின்னறையிலும் இருக்கும் சரக்கு எந்த எம்ஆர்பி என்று யாருக்கும் தெரியாது. ஆறு கடையிலும் மூன்று நாள் கையால் எண்ணினார்கள். இரண்டு கடைகளின் பட்டியல் தாமதமாகி, ஒரு கம்பெனியின் ஈட்டை இழந்தார்கள்.

2025 தீபாவளி

அக்டோபர் 20. குடோனில் இருந்தும் கடையில் இல்லை என்ற நிலை அந்த இரண்டு வாரத்தில் ஜாமூன் மிக்ஸ், நெய், வனஸ்பதி எதிலும் வரவில்லை. காலாவதிக்கு 60 நாள் இருக்கும்போதே எச்சரிக்கை வந்ததால், ஒரு சேமியா வகையை ஆகஸ்டிலேயே சலுகை விலையில் தள்ளிவிட்டார்கள்.

ஆனால் பாசிப்பருப்பு அரைக்கிலோ பாக்கெட் தீர்ந்தது. மூட்டை மூட்டையாகப் பருப்பு இருக்கிறது, பாக்கெட் இல்லை. பாக்கெட் போடும் பகுதியை மென்பொருளில் சேர்க்காமல் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம். எவ்வளவு பாக்கெட் போட வேண்டும் என்பது அங்கிருந்த பெண்களின் கண்ணளவு. அவர்கள் மேல் குற்றமில்லை; கடைகளின் தேவை அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

தீபாவளி முடிந்த கையோடு அண்ணாச்சி கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர் போனார். ஆறு நாள் விரதம் இருந்து சூரசம்ஹாரம் பார்க்க வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். தீபாவளிக்குப் பிந்திய திரும்பிய சரக்கு, மிச்சச் சரக்கு வேலை என்று ஒரு வருடமும் முடிந்ததில்லை. அந்த ஆறு நாளில் குடோனிலிருந்து அவருக்குப் போன் போகவில்லை. அவர்தான் இரண்டு தடவை கூப்பிட்டார்.

ஒரு வருடம் கழித்து

2026 ஜனவரியில், முந்தின வருடம் எண்ணிய அதே 300 வகையை மறுபடி எண்ணினோம். 279 ஒத்துப்போயின. ஒத்துப்போகாத 21இல் பாதிக்கு மேல் சலித்துப் பாக்கெட் போடும் சரக்கு, மீதி பெரும்பாலும் கடைகளிலிருந்து திரும்பியவை. அந்த வருடத்தின் இரண்டாம் பாதியில் காலாவதி ஆகிக் கழித்த சரக்கின் மதிப்பு, முந்தின வருட இரண்டாம் பாதியில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. யாரையும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. சரக்குத் தேடுவதிலேயே பாதி நாளைக் கழித்த இருவர் பாக்கெட் பகுதிக்குப் போனார்கள். வருடத்துக்கு ஒரு தடவை முழு எண்ணிக்கை என்பதை விட்டுவிட்டு, தினமும் காலையில் 25 இடங்களை மட்டும் எண்ணுகிறார்கள். அரை மணி நேர வேலை.

இருப்பில் முடங்கும் பணம் குறைந்திருக்கிறதா என்பதை இந்த வருடத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். செப்டம்பரில் ஆர்டரை நிறுத்தியதும், விலை குறைந்து விற்பனை ஏறியதும் எல்லாக் கணக்கையும் கலைத்துவிட்டன.

மறுபடி செய்வதாக இருந்தால்

அலகு சரிபார்க்கும் வேலைக்கு ஏழு வாரம் போதாது என்றால் பத்து வாரம் எடுக்க வேண்டும். தொடங்கும் தேதியைத் தள்ளிப்போடலாம், பெட்டியைப் பிரித்து எண்ணாத வரி ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. ஷாம்பு வண்டி அந்தச் சின்னக் கடை வாசலில் நின்றதற்கு மூல காரணம் அந்தக் கடைசி இரண்டு வார அவசரம்தான்.

பாக்கெட் பகுதியை முதல் நாளிலிருந்தே சேர்க்க வேண்டும். 50 கிலோ மூட்டை உள்ளே போனால் எத்தனை பாக்கெட் வெளியே வந்தது, எவ்வளவு கழிவு என்ற ஒரே ஒரு பதிவு போதும். இப்போது பிப்ரவரியிலிருந்து அதைச் செய்கிறார்கள். கழிவு பருப்புக்குப் பருப்பு எவ்வளவு மாறுகிறது என்பது அவர்களுக்கே புதிதாகத் தெரியவந்திருக்கிறது. எந்த மண்டியிலிருந்து வாங்குவது என்ற முடிவும் அதனால் மாறத் தொடங்கியிருக்கிறது.

திரும்பி வரும் சரக்குக்கு வரவுத் தளத்திலேயே தனி மூலை வேண்டும். புதுச் சரக்குக்குப் போட்ட மஞ்சள் கோட்டை இதற்கும் போட்டிருந்தால் நோட்டில் பிடிபட்ட ஒன்பது தவறில் பாதி வந்திருக்காது. நோட்டை மூன்று வாரத்தில் நிறுத்தச் சொன்ன என் யோசனை தவறு. இன்னொரு கடைக்கு இதே வேலையைச் செய்தால் இரண்டு மாதம் கூடவே எழுதச் சொல்வேன்.

சுமை தூக்குபவர்களிடம் தொடங்குவதற்கு முன்பே பேசியிருக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் காத்திருப்புக்கு என்று ஒரு தொகை ஒதுக்கியிருந்தால் வாசலில் அத்தனை மனக்கசப்பு வந்திருக்காது.

அப்புறம் கடைகளின் பின்னறை. குடோன் முதலில், கடைகள் பிறகு என்ற வரிசை சரிதான், ஆறையும் ஒரே சமயத்தில் தொட்டிருந்தால் எதுவுமே நடந்திருக்காது. ஆனால் பிறகு என்பதற்கு ஒரு தேதி குறித்திருக்க வேண்டும். இப்போது குறித்தாகிவிட்டது. வருகிற ஆனியில் நகருக்குள் இருக்கும் பெரிய கடையில் தொடங்குகிறார்கள். அண்ணாச்சி போன வாரம் அங்கே போய், பின்னறைத் தட்டுகளைச் சாக்பீஸால் எண் போட்டுப் பார்த்துவிட்டு வந்தார். ஊதுபத்தி மறுபடி பிஸ்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்ததாம், முதலில் அதை மாற்றச் சொல்லியிருக்கிறார்.